மாலை கழற்றிய படம்

லொஸ் ஏஞ்சல்ஸ்
8.9.1985

அன்புள்ள பெரியண்ணைக்கு,

நானும் உங்கள் மச்சானும் சுகம். பாரிஸில் குளிர் தொடங்கியிருக்கும். சப்பாத்துக்குள் பேப்பர் மடித்து வைத்துச் சமாளிக்காமல் நல்ல சப்பாத்து ஒன்று வாங்குங்கள் என்று போன வருஷமும் எழுதினேன், இந்த வருஷமும் எழுதுகிறேன். வாங்கமாட்டீர்கள் என்றும் தெரியும்.

இங்கே கொமியூனிற்றி கொலிஜில் சேர்ந்துவிட்டேன். வயது, வேலை ஒன்றும் பார்க்காமல் வருகிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்கிற கல்லூரி அண்ணை. எனக்கு ஒரு பக்கத்தில் லொறி ஓட்டுகிறவர் இருக்கிறார், மறுபக்கத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. நீங்கள் சொன்னபடி கணக்கியல்தான் எடுத்தேன். ஆனால் அதோடு ஒரு வரலாற்றுப் பாடமும் கட்டாயமாம். நான் போய்ச் சேர்ந்த நேரம் மற்றதெல்லாம் நிரம்பி, மிஞ்சியது ‘சிக்கானோ வரலாறு’ ஒன்றுதான். சிக்கானோ என்பது ஏதோ சாப்பாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டுதான் பெயரைக் கொடுத்தேன். அமெரிக்காவில் இருக்கிற மெக்சிக்கோ வம்சத்து ஆட்கள் தங்களுக்குத் தாங்களே வைத்த பெயராம் அது.

முதல் நாள் ஆசிரியை மிஸ்ஸிஸ் ஒர்த்தேகா வந்ததும் பலகையில் ஒரு தேசப்படம் கீறினார். நடுவில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு வடக்கே இருந்ததெல்லாம், இப்போது நான் இருக்கிற இந்த ஊர் உட்பட, முன்பு மெக்சிக்கோவாம். 1848இல் ஒரு யுத்தம் முடிந்து கோட்டை மாற்றிவிட்டார்கள். சனங்கள் காலையில் எழும்பிப் பார்த்தால் வீடு அதே வீடு, மாடு அதே மாடு, நாடு மட்டும் வேறு. நாங்கள் நாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தோம், இவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க நாடு இவர்களை விட்டுப் போய்விட்டது. இரண்டு மணித்தியாலம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

சின்னண்ணையைப் பற்றி ஏதும் தெரிந்ததா? சுற்றிவளைப்பில் அவரை ஆமி ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அம்மாவின் கடிதத்தில் அவரைப் பற்றி எப்போதும் ‘ஒரு தகவலும் இல்லை’ என்ற ஒரே வரிதான்.

உங்கள் அன்புத் தங்கை,
வள்ளிநாயகி


பாரிஸ்
22.9.1985

அன்புத் தங்கை வள்ளிக்கு,

கடிதம் கிடைத்தது. உன்னைக் கணக்குப் படிக்க அனுப்பினால் நீ மெக்சிக்கோக்காரரின் பூர்வீகம் படிக்கிறாய். நல்லது, நாளைக்கு மச்சானின் வரிக் கணக்கை யாரோ ஒரு மெக்சிக்கோக்காரன்தான் பார்த்துக் கொடுக்கவேண்டி வரும்.

உன் கடிதத்தை அறையில் சத்தமாக வாசித்தேன், என் பிழைதான். இப்போது வேலையால் வருகிற ஒவ்வொருவனும், “அண்ணை, தங்கச்சியின்ரை மாடு அதே மாடு கடிதம் அடுத்தது வந்திட்டுதோ?” என்று கேட்கிறான். அந்தக் கோட்டைப் பற்றி இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

நான் அதே ரெஸ்ரோறன்ற்தான், அதே கோப்பை கழுவல்தான். ரூ பெர்தொனே என்ற தெருவில் எங்கள் ஆட்கள் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். முருங்கைக்காய் வருகிறது, தொட்டுப் பார்க்கலாம், வாங்க ஏலாது.

தம்பி குலத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை. காணாமல் போனவர்களை விசாரிக்கிற ஒரு சங்கத்துக்கு மாதாமாதம் எழுதுகிறேன். இரண்டாம் மாடியில் ஜெர்மேன் அக்கா என்று ஒரு பாண்டிச்சேரிக்காரி இருக்கிறார், வேதக்காரர், தபாற்கந்தோரில் வேலை. அவர்தான் பிரெஞ்சில் எழுதித் தருகிறார். விசாரிக்கிறோம் என்று பதில் வருகிறது. குலம் வந்தால் படுக்க என்று ஒரு மெத்தை வாங்கிச் சுருட்டி மூலையில் வைத்திருக்கிறேன். அறையில் இடமில்லாமல் முறை வைத்துப் படுக்கிறோம், ஆனாலும் அதை யாரும் விரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் நித்திரைக்குப் பேர்போனவன், மெத்தை இல்லாவிட்டால் என்னைத்தான் தள்ளிவிடுவான்.

ஒழுங்காகப் படி. கணக்கை.

உன் அன்பு அண்ணன்,
குணரத்தினம்


லொஸ் ஏஞ்சல்ஸ்
6.10.1985

அன்புள்ள பெரியண்ணைக்கு,

அறையில் உள்ளவர்களுக்கு அடுத்த கடிதம் இதோ.

போன சனிக்கிழமை வகுப்பை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். இங்கே ஆற்றுக்குச் சீமெந்தில் கரை கட்டி வாய்க்கால் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கரைச் சுவரில், ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாத நீளத்துக்கு, தங்கள் சரித்திரம் முழுவதையும் வர்ணத்தில் கீறியிருக்கிறார்கள். கீறியவர்களில் முக்கால்வாசி பள்ளிக்கூடப் பிள்ளைகளாம். வெயிலில் நடந்து நடந்து பார்த்தேன். எங்கள் வகுப்பு லொறிக்காரர் ஓரிடத்தில் நின்று தன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். வகுப்பில் ஸ்பானிய மொழி பேசினதற்காக ஆசிரியர் பிரம்பால் அடிப்பாராம், அடி வாங்கினவர்களில் அவரும் ஒருவர். பிறகு 1968இல் இதையெல்லாம் எதிர்த்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே நடந்திருக்கிறார்கள். “நானும் நடந்தனான்” என்றார், ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல. நான் அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தபடியே நின்றேன். ஒரு மாதமாகப் பக்கத்தில் இருந்து பேனை கடன் வாங்குகிற மனிதர், அண்ணை, சரித்திரத்துக்குள்ளே இருந்திருக்கிறார்.

பள்ளிக்கூடம் என்றதும் உங்கள் இருவரின் ஞாபகமும் வந்தது. நீங்கள் ஒரு வருஷம் கோட்டை விட்டதால் சின்னண்ணையோடு ஒரே வகுப்பில் இருந்தீர்களே. அவர் கள்ளமடித்துவிட்டுப் பந்தடிக்கப் போகிற நாட்களில், அல்பிரட் மாஸ்டர் இடாப்புக் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று குரலை மாற்றி நீங்கள்தான் சொல்வீர்களாம். மாஸ்டர் குனிந்த தலை நிமிராத மனிதர் என்பதால் தப்பினீர்கள்.

ஒரு உதவி. சின்னண்ணையின் படம் என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் இருப்பதில் ஒரு பிரதி எடுத்து உடனே அனுப்புங்கள். நவம்பர் தொடக்கத்தில் கொலிஜில் எல்லோரும் தங்கள் வீட்டு ஆட்களின் படங்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நானும் வைக்க ஆசைப்படுகிறேன்.

வள்ளி


பாரிஸ்
16.10.1985

அன்புத் தங்கைக்கு,

அவசரத்தில் இரண்டு வரி. படம் இத்துடன். அடையாள அட்டைக்கு எடுத்தது, அதனால்தான் அந்த முழிசல். உன் வகுப்பாருக்குச் சொல், ஆள் நேரில் இதைவிட வடிவு, நாடகத்தில் இராசா வேஷம் கட்டினவன் என்று.

அந்தச் சுவரையும் லொறிக்காரரையும் பற்றி எழுதியதை அறையில் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்கள். நான்கூடப் பகிடி ஒன்றும் விடவில்லை. நீ கெட்டிக்காரிதான்.

குணரத்தினம்


லொஸ் ஏஞ்சல்ஸ்
4.11.1985

அன்புள்ள பெரியண்ணைக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் மூன்று நாளாகக் கடதாசியை வைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மெக்சிக்கோக்காரருக்கு நவம்பர் முதல் இரண்டு நாட்களும் செத்தவர்களின் நாள். அன்றைக்குச் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். வருகிறவர்களுக்கு வழி தெரியவேண்டும் என்று மஞ்சள் செவ்வந்திப் பூவைப் பாதையெல்லாம் தூவுகிறார்கள். வகுப்பில் படிப்படியாக மேசை அடுக்கி, வெள்ளைச் சீலை விரித்து, படம், மெழுகுதிரி, பாண், ஒரு கிளாஸ் தண்ணீர், அவரவர்க்குப் பிடித்த சாப்பாடு என்று வைத்தார்கள். நாங்கள் படைப்பதுபோலத்தான், ஆனால் அழுகை இல்லை. பாட்டு, சிரிப்பு. லொறிக்காரர் தன் தகப்பனுக்கு ஒரு சுருட்டு வைத்துவிட்டு, “கொஞ்சமாக் குடி, டொக்டர் பேசுவார்” என்று படத்தோடு கதைத்தார்.

நான் சின்னண்ணையின் படத்தை வைத்தேன். தேத்தண்ணியும் கடிக்க ஒரு கட்டிச் சீனியும் வைத்தேன், பனங்கட்டிக்கு நான் எங்கே போவேன். எல்லோரும் பூப் போட்டார்கள், நானும் அந்தச் செவ்வந்தியைக் கோத்து மாலை போட்டேன். நெற்றியில் சந்தனம் வைத்தேன். போடும்போது என் கை கூசவில்லை அண்ணை. அவரைக் கொண்டுபோனதிலிருந்து நான் அழவே இல்லை. அழுதால் ஆள் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்ற பயம். அன்றைக்கு அழுதேன். ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது.

அந்த மேசையைப் படம் எடுத்தோம். இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களும் பார்க்கவேண்டும்.

வள்ளி


பாரிஸ்
17.11.1985

வள்ளிநாயகிக்கு,

படம் கிடைத்தது.

உயிரோடு இருக்கிறவனுக்கு மாலை போட்டுத் திரி கொளுத்தியிருக்கிறாய். செத்தவனின் படத்துக்குத்தான் மாலை போடுவது என்று தெரியாமல் வளர்ந்தவளா நீ? நான் இஞ்சை அவனுக்கு மெத்தை வாங்கி வைத்திருக்கிறேன். நீ அங்கே அவனுக்குப் படைத்துவிட்டாய். அதுவும் நான் பிரதி எடுத்து, முத்திரை ஒட்டி, என் கையாலேயே அனுப்பின படத்துக்கு.

உனக்குக் கல் இறங்கியிருக்கலாம். அதை என் தலையில்தான் இறக்கி வைத்திருக்கிறாய்.

அம்மாவுக்கு இதை எழுதிவிடாதே. எனக்கும் இனி அந்த வகுப்பைப் பற்றி எழுதவேண்டாம்.

குணரத்தினம்


லொஸ் ஏஞ்சல்ஸ்
15.1.1986

அன்புள்ள பெரியண்ணைக்கு,

நேற்றுப் பொங்கல். மின்சார அடுப்பில் பொங்கினேன், பொங்கி வழிய விடாமல் பார்த்துக்கொண்டு நின்ற பொங்கல் இதுதான். உங்களிடமிருந்து தைக்காவது ஒரு வரி வரும் என்று பார்த்திருந்தேன்.

வகுப்பைப் பற்றி எழுதவேண்டாம் என்றீர்கள். இது வகுப்பைப் பற்றியதல்ல, சின்னண்ணையைப் பற்றியது. ஆகையால் எழுதுவேன்.

உங்கள் கோபக் கடிதம் வருவதற்கு முன்னமே அந்த மாலையைக் கழற்றியாகிவிட்டது. கழற்றியது நானல்ல. வகுப்பில் மார்த்தா என்று ஒரு பெண், எல் சல்வடோர் நாட்டிலிருந்து ஓடி வந்தவள், தையல் தொழிற்சாலையில் வேலை. படம் வைத்த அன்று அவள் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து மேசையைப் பார்த்தவள், சின்னண்ணையின் படத்துக்கு முன்னால் நின்று என்னிடம் கேட்டாள், எப்போது செத்தார் என்று. தெரியாது என்றேன். எங்கே புதைத்தீர்கள் என்றாள். தெரியாது என்றேன். யார் சொன்னது செத்துவிட்டார் என்று? ஒருவரும் சொல்லவில்லை என்றேன்.

அவள் படத்தை எடுத்தாள். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள். தன் சட்டையால் சந்தனத்தைத் துடைத்து, படத்தை என் கையில் தந்து, இவருக்கு இடம் இங்கே இல்லை என்றாள். அவளுடைய தம்பியையும் அப்படித்தான் கொண்டுபோனார்களாம். அவள் அவனுக்குத் திரி கொளுத்தவில்லை. அவளுடைய தாய் ஊரில் மற்றத் தாய்மாரோடு அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் நடக்கிறாளாம். அப்படி நடக்கிற தாய்மார் தென்னமெரிக்கா வரைக்கும் இருக்கிறார்களாம். அவர்கள் கூடுகிற இடத்தில் காணாமல் போனவர்களின் பெயரை ஒருவர் இடாப்புப்போல வாசிக்க, மற்ற எல்லோரும் சேர்ந்து, ‘பிரெசெந்தே’ என்று சொல்வார்களாம். இங்கே இருக்கிறார் என்று அர்த்தம்.

அதைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் கடிதம் ஒன்று ஞாபகம் வந்தது. சின்னண்ணையைக் கொண்டுபோன வருஷம், ஊரில் தாய்மார் எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளைக் கேட்டு அரசாங்க அதிபரின் கச்சேரிக் கந்தோருக்குப் போனார்கள், நானும் போனேன், கால் நோகிறது, குழம்புக்கு மீன் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாரே. உங்களுக்கும் அப்படித்தான் எழுதியிருப்பார். கால் நோவுக்கு என்ன எண்ணெய் பூசலாம் என்றுதான் நான் பதில் எழுதினேன். எங்கள் அம்மா, அண்ணை! சந்தைக்குத் தனியாகப் போகாத அம்மா.

நீங்கள் சொன்னதும் சரி, நான் அழுததும் பொய்யில்லை. என்னை மன்னியுங்கள்.

வள்ளி


லொஸ் ஏஞ்சல்ஸ்
20.3.1986

அன்புள்ள பெரியண்ணைக்கு,

இன்னும் கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது.

இந்த வருஷ முடிவுக்குள் கணக்கியலா வரலாறா என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பிறகு பல்கலைக்கழகத்துக்கும் அதையே கொண்டுபோகலாம். உங்கள் மச்சான், “உன்ரை விருப்பம், ஆனால் அண்ணையைக் கேள்” என்கிறார். எனக்கு வரலாறுதான் விருப்பம். மிஸ்ஸிஸ் ஒர்த்தேகா அந்தக் கோட்டைப் பலகையில் இழுத்த நாளிலிருந்து அதுதான். ஆனால் அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிப்பித்தது நீங்கள். உங்கள் சொல் இல்லாமல் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

வேண்டாம் என்றாவது எழுதுங்கள்.

வள்ளி


பாரிஸ்
4.5.1986

என் அன்புத் தங்கை வள்ளிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என் சட்டைப் பையிலேயே இருந்தன. பதில் எழுதவில்லையே தவிர, அதில் உள்ளது எல்லாம் எனக்கு மனப்பாடம். அறையில் உள்ளவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நீ அனுப்பிய படத்தைக் கிழிக்க மனம் வராமல் சுருட்டின மெத்தைக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன்.

இப்போது நான் சொல்லப்போவதை நீ நம்புவாயோ தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, பின்னேர வேலை தொடங்குமுன் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். திரொக்கதெரோப் பக்கம் நடப்பேன், ஈஃபில் கோபுரம் நேரே தெரிகிற பெரிய முற்றம் அது. இரண்டு கிழமைக்கு முன் ஒரு சனிக்கிழமை அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். வயதானவர்களும் உண்டு, உன் வயதுக்காரரும் உண்டு. சத்தம் இல்லை. ஒவ்வொருத்தியின் கோட்டிலும் நெஞ்சில் ஒரு படம் குத்தியிருந்தது. எல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள் வள்ளி. எல்லாம் அதே முழிசல். உல்லாசப் பயணிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கோபுரத்தைப் படம் எடுத்தார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். உன் மார்த்தாவின் தாய் பாரிஸுக்கு வந்து நிற்கிறார் என்றே ஒரு கணம் நினைத்தேன். சிலி நாட்டுக்காரராம்.

வேலைக்குப் பிந்திப் போய் முதலாளி ழான்-லூக்கிடம் பேச்சு வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை ஜெர்மேன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன், என் பிரெஞ்சு கோப்பை கழுவத்தான் காணும். வரிசையில் நின்ற ஒரு அம்மாவைக் காட்டி, மகன் செத்துவிட்டாரா என்று கேட்கச் சொன்னேன். அக்கா, “என்னப்பா, இத போய் எப்படிக் கேக்கறது?” என்று தயங்கினார். பிறகு கேட்டார். அந்த அம்மா கோபிக்கவில்லை. அக்காவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். அக்கா மெதுவாகத் தமிழில் சொன்னார்: “கூட்டிக்கிட்டுப் போனவங்கதான் அத சொல்லணுமாம். அவங்க வாயால சொல்லட்டும்ங்கறாங்க. அவங்களுக்குப் பதிலா நா ஏன் சொல்லணும்னு கேக்கறாங்க.”

வள்ளி, எத்தனை நாள் நான், அவன் இருக்கிறான், இருக்கிறான் என்று மனதுக்குள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ, அவன் இல்லை என்று அழுதாய். இரண்டு பேரும் அவர்கள் சொல்லவேண்டிய பதிலை எங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அது விளங்காமல்தான் நான் உன்னோடு கோபித்தேன். அந்த அம்மா படித்தவரா என்ன என்று தெரியாது. அவருக்கு முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நேற்று தம்பியின் படத்தைக் கொண்டு போனேன். மாலை இல்லை, பொட்டு இல்லை. ஜெர்மேன் அக்கா தன் தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்து என் கோட்டில் குத்திவிட்டார். வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன், நீ யார், எந்த நாடு, எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அம்மா என் நெஞ்சைப் பார்த்தார். பிறகு ஒரு எட்டு நகர்ந்து இடம் விட்டார். அவர் நகர, அடுத்தவர் நகர, கடைசி வரைக்கும் எல்லோரும் நகர்ந்தார்கள். அகதி என்று வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த ஊரில் எனக்காக ஒருவரும் இப்படி நகர்ந்ததில்லை.

பெயர் வாசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ‘பிரெசெந்தே’ என்றார்கள், நீ எழுதியபடியே. அக்கா ஒரு துண்டில் தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். வாசித்த பிள்ளை ‘குலா... செகரா...’ என்று தடுக்கி, நின்று, மறுபடி முதலிலிருந்து முழுவதையும் ஒழுங்காக வாசித்தாள். குலசேகரம். எங்கள் வீட்டுப் பெயர், அந்த முற்றத்தில். பதினைந்து பெண்களும் ஒரே குரலில் ‘பிரெசெந்தே’ என்றார்கள். ஒருவருக்கும் அவன் யாரென்று தெரியாது.

அவர்களோடு சேர்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் சொல்லி முடிந்து, அடுத்த பெயர் வருவதற்கு முன், இடையில் ஒரு மௌனம் இருந்தது. அதில் சொன்னேன். குரலைக்கூட மாற்றினேன், பழைய பழக்கம்.

“உள்ளேன் ஐயா.”

அந்த அம்மா என் கையைப் பிடித்தார். அடுத்த பெயர் முடிந்த பிறகும் விடவில்லை.

மெத்தையை இன்று காலை விரித்தேன். எபினே என்ற பக்கத்து ஊரில் இருந்து ஒருவன் படுக்க இடமில்லாமல் வந்து நிற்கிறான், அவனுக்குக் கொடுத்துவிட்டேன். குலம் வருகிற அன்று எழும்பிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். “ஓம் அண்ணை, அதுக்கென்ன” என்றான். நீ அனுப்பிய மேசைப் படத்தை நிமிர்த்திச் சுவரில் வைத்திருக்கிறேன். லொறிக்காரரின் தகப்பனையும் சுருட்டையும் எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு நானே எழுதுகிறேன். அன்றைக்குக் கச்சேரி வாசலில் என்ன நடந்தது, எத்தனை பேர் நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று விபரமாகக் கேட்கப்போகிறேன். கால் நோவைப் பற்றிப் பிறகு கேட்கலாம்.

கணக்கை விட்டுவிடு. வரலாறு என்று எழுதிக் கொடு. அம்மாவின் பதில் வந்ததும் உனக்குத்தான் அனுப்புவேன், அதையும் அந்த வகுப்பில் வாசித்துக் காட்டவேண்டும். மார்த்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல், அவளுடைய தம்பியின் பெயரைக் கேட்டு எழுது. வருகிற சனிக்கிழமைகளில் நான் இங்கே அவனுக்கும் சேர்த்துச் சொல்வேன்.

சப்பாத்து வாங்கிவிட்டேன். நிற்கவேண்டி இருக்கிறதல்லவா.

உன் பெரியண்ணை,
குணரத்தினம்